குதிரையும் மிதிவண்டியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தாவாகிய என்னையும் பேசும்படி செயலாளர் பணித்துவிட்டார். அறிந்ததைக் கூறுகின்றேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

குதிரையை நேசித்தவர்கள் மிதிவண்டிக்கு மாறியபின் அதனையும் குதிரையாகவே பாவிப்பதுண்டு. கைப்பிடி அவர்களுக்குக் கடிவாளம், இருக்கை சேணம். ஆங்கிலத்தில் குதிரைச் சேணத்திற்கும் சைக்கிள் இருக்கைக்கும் இன்றும் ஒரே பெயர்தான். இவ்வுறவு நேற்று வந்ததன்று.

1815-ஆம் ஆண்டில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று, பயிர் பொய்த்தது, குதிரைத் தீவனமும் அரிதாயிற்று. 1817-இல் ஜெர்மானியரான கார்ல் வான் டிரைஸ் என்னும் வன அதிகாரி, கால்களால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியொன்றை மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார். தீவனப் பஞ்சமே அவரைத் தூண்டியது என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அவ்வண்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘பகட்டர் குதிரை’ என்பதாகும்.

பர்மிங்ஹாம் நகரில் 1866 முதல் குதிரைச் சேணமும் தோற்பொருள்களும் செய்து வந்தவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். 1878-இல் அவருடைய குதிரை மாண்டது. வேறொன்று வாங்கப் பொருளின்றி, இரவல் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றார். அதன் இருக்கையோ உடலை வருத்தியது. ஆகவே, தாமறிந்த தோல் வேலையைக் கொண்டே நல்லதோர் இருக்கையை அமைத்தார்; 1882-இல் அதற்குக் காப்புரிமையும் கோரினார். இது அவர் நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து, 1888-இல் காப்புரிமை பெற்ற ஜான் பாய்டு டன்லப்பும் தொழிலால் கால்நடை மருத்துவரே.

அன்பர்களே! இவையெல்லாம் நான் ஏட்டில் படித்தவை. என் வீட்டிலேயே கண்டது ஒன்றுண்டு.

என் பாட்டனார் கும்பகோணத்தில் ரயிலடி ஜட்கா ஓட்டியவர். 1974-ஆம் ஆண்டு சித்திரை வெயிலில், ‘இன்னும் ஒரே ஒரு சவாரி’ என்று களைத்த குதிரையை ஓட்டினார். நடுவழியில் அது விழுந்தது; மீண்டும் எழவில்லை. அதன்பின் அவர் வேறு குதிரை வாங்கவில்லை. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தார். குதிரையின் கழுத்திலிருந்த சலங்கையை அதன் கைப்பிடியில் கட்டியிருந்தார். இரவில் அதனைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, டயரை அழுத்திப் பார்த்த பின்னரே உண்ண உட்காருவார்.

“குதிரை உயர்ந்ததா தாத்தா, சைக்கிள் உயர்ந்ததா?” என்று சிறுவனாகிய நான் ஒருநாள் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னார்: “குதிரைக்கு வலித்தது, அதற்குச் சொல்லத் தெரியவில்லையடா, நானும் கேட்கவில்லை. இதில் வலிப்பது என் முழங்கால். வலித்தால் நானே இறங்கிக்கொள்வேன்.”

அவர் சைக்கிளைப் பேணியது இரும்பின்மேல் கொண்ட ஆசையால் அன்று. குதிரைக்குச் செய்யத் தவறியதன் நினைவால் என்பதை, எனக்கு வயது வந்த பின்னரே உணர்ந்தேன்.

இளைஞர்களே! நம் காலனியின் மாடிப்படிகளுக்கு அடியில் எத்தனை சைக்கிள்கள் துருவேறிக் கிடக்கின்றன! அவை கனைத்து அழைக்கமாட்டா. நாளையே ஒன்றை வெளியே எடுத்துத் துடையுங்கள். சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நம்மைச் சுமப்பது உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும், அது வாய் திறந்து கேட்கும்வரை காத்திராமல் கவனிப்பதே பண்பு. குதிரைக்காரர் பேரனாகிய நான் உங்களுக்குச் சொல்லத்தக்கது இதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!