வயிற்றெரிச்சலும் படித்தவர் மூடநம்பிக்கையும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவும் பகலும் முறை மாற்றி உழைக்கும் உங்கள்முன் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயிறு. இதுவும் ஒரு மேடைப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். 2021-ம் வருஷம் டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை - பெங்களூர் ரஸ்தாவை மறித்து உட்கார்ந்தது எதற்காக? விடுதிச் சோற்றுக்காகத்தானே! சோறு விஷமாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிப்படி இல்லையென்று ஆப்பிள் கம்பெனியே சொல்ல வேண்டியதாயிற்று.

அது ஒரே நாளில் தாக்கி, ஊரறிந்த வியாதி. நாம் சொல்ல வந்ததோ, சத்தமில்லாமல் வருஷக்கணக்காய் வயிற்றில் குடியிருக்கும் வேறொன்று.

நெஞ்சு எரிகிறது, உடம்பு ஓய்கிறது என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் திருஷ்டி கழிக்கிறார்கள். படித்தவர்களோ, "எல்லாம் டென்ஷன், கவலையை விடு" என்கிறார்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருவதென்று பெரிய டாக்டர்களே வெகுகாலம் சாதித்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் 1982-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். வைத்திய உலகம் சுலபத்தில் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை வீங்கி வாந்தியெடுத்தார். பழைய ஏட்டைக் காட்டாமல் சொந்த வயிற்றைக் காட்டி வாதாடியவர் அவர்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொள்ளுகிறது. அநேகருக்கு ஒரு தொந்தரவும் தராது. சிலருக்கோ இரைப்பையின் உட்தோலை அரித்து, காலப்போக்கில் அமிலச் சுரப்பையே குறைத்துவிடுகிறது. அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 என்னும் ஜீவசத்து பிரியாது. இரும்புச் சத்தும் சரியாய் ஏறாது. பி12 இயற்கையாய்க் கிடைப்பது பால், முட்டை, மீன், மாமிசம் இவற்றில்தான். கீரை காய்கறியில் கிடையாது. (மரக்கறியே தேவ உணவென்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்களோ!) ஈரல் இதைச் சேமித்து வைத்திருப்பதால் குறைவு வெளியே தெரியச் சில வருஷம் பிடிக்கும். அப்புறம் களைப்பு, கால் மரத்தல், நாக்குப் புண், மறதி. சூப்பர்வைசர் அவளைக் கவனமில்லாதவள் என்று ஏசுவார்.

அப்படியானால் மன உளைச்சலுக்குச் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்குவது. வாரத்துக்கொரு ஷிப்டு மாற்றினால் அந்தக் கணக்குத் தடுமாறித் தூக்கமும் பசியும் கெடும். புண்ணின் வேதனையும் கூடலாம். ஆனால் ஷிப்டு அட்டவணை எழுதுகிறவரை விட்டுவிட்டு, ஷிப்டில் நிற்கிறவளிடம் "மனதை அமைதியாக வை" என்பது என்ன நியாயம்? அன்றியும், மனது அமைதியானதால் கிருமி சாவதில்லை.

ஆகவே எரிச்சல் ஓயாதவர்கள் அமில மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்காய் விழுங்காதீர்கள். நாள்பட்டால் அதுவே பி12-ஐக் குறைக்கும். நின்று நின்று வரும் கால்வலிக்கு விழுங்கும் வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கக் கூடியவை. மலம் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை, கூடவே ரத்தத்தில் பி12 அளவு என்று டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமற்போகும். முடித்து 4 வாரமாவது கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் உங்கள் சம்பளத்தில்தானே பிடிக்கிறார்கள்? அங்கே போய்க் கேட்பதில் கூச்சம் எதற்கு?