கிணற்றடியும் கிறிஸ்தவமும்



கந்தசுவாமி கோயில் மஞ்சத்துக்கும் தவிலுக்கும் பேர்போன சைவ ஊர் இணுவில். இந்த ஊர் மேடையில் கிறிஸ்தவ ஆன்மிகம் பேசப்படுவதில் விந்தை ஏதும் இல்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று அமெரிக்க மிஷன் 1898இல் மக்லியொட் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது இங்கேதான். அங்கே பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் திருநீறு பூசும் வீடுகளுக்குப் போனார்கள். வந்த தாய்க்கு என்ன சமயம் என்று பிரசவ வார்டு கேட்கவில்லை. ஆகவே இன்று அந்தத் தாய்மாரின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேசுவதே பொருத்தம்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான். அதைச் செம்மண் உறிஞ்சி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் சேர்த்து வைக்கிறது. அந்த நன்னீர், கீழே பரந்து கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீரை ஆராய்வோர் ஒரு கணக்குச் சொல்வார்கள். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மெஷின் வந்தது, அந்தக் காவல் போய்விட்டது.

கீழிருந்து ஏறுவது உவர் என்றால், மேலிருந்து இறங்குவது பசளை. குழை தாட்டு, பனையோலை புதைத்து, இரவில் மாட்டுப் பட்டி அடைத்து வளப்படுத்திய தோட்டங்களில் இப்போது யூரியா கொட்டப்படுகிறது. வெங்காயமும் மிளகாயும் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஊரும் அடங்கிய வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை கண்டிருக்கிறார்கள். அப்படியான தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழந்து உடம்பு நீலம் பாரிக்கக்கூடும்.

இதில் தேவாலயத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. 1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைவிடக் கடுமையாகவே கேட்டார். மனிதன் இயற்கையை ஆளப் பிறந்தவன் என்று மேற்கத்தியக் கிறிஸ்தவம் கற்பித்ததே இந்தச் சீரழிவுக்கு வேர் என்று குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். லேவியராகமத்தின் சட்டம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. லின் வைட்டே தம் கட்டுரையின் முடிவில் அசிசி நகரத்துப் பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்றார். 1979இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் அதையே அறிவித்தார். மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல், காட்டுப் பூண்டுகளுக்கும் பூக்களுக்கும் விட்டுவைக்கச் சொன்னவர் அந்தப் பிரான்சிஸ். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது பற்றி வெளியிட்ட சுற்றுமடல் தன் பெயரை எடுத்துக்கொண்டதும் அந்தத் துறவியின் பாடலிலிருந்துதான்.

ரோமாபுரி வரை போகாமல் கொல்லிமலைக்கு வாருங்கள். வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் போல் பிராண்ட் வளர்ந்த மலை அது. மிஷனரியின் மகனான அவர், சிறு வயதில் மலைச் சிறுவர்களோடு படிக்கட்டு வயலில் தவளை பிடித்து விளையாடினார். சேறு கலங்கியது, வரம்பும் சிதைந்தது. வயலைக் கவனித்துவந்த முதியவர் ஒருவர் வந்தார். அவர் பிள்ளைகளை அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். ஆண்டுதோறும் நெல் தருவது இந்தச் சேறு, இது கரைந்து மலையிறங்கிப் போனால் ஒருநாளும் திரும்பி ஏறாது என்று விளங்கப்படுத்தினார். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் பிராண்ட் அதை மறக்கவில்லை. 1985இல் அந்தச் சேற்றைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மிஷனரி வீட்டுப் பிள்ளைக்குப் படைப்பின் அருமையைப் போதித்தவர் மலை விவசாயி ஒருவர் என்பதை இந்தச் சபை கவனிக்க வேண்டும். கிறிஸ்தவம் இந்த மண்ணிடம் கற்றுக்கொண்ட இடம் அது.

அப்படிக் கற்க விரும்பியவர்கள் இங்கேயும் இருந்தார்கள். பக்கத்து மருதனார்மடத்தில் 1939இல் சேவக் செல்வரத்தினம் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமம், எளிய வாழ்வையும் உடலுழைப்பையும் வழிபாட்டோடு சேர்த்துவைத்தது. தேவைகளைக் குறைத்துக்கொள்வது ஒரு தவம் என்று அவர்கள் நம்பினார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு இன்று நிபுணர்கள் சொல்லும் மருந்தும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

தேவைகளுக்கு மட்டுமல்ல, போருக்கும் வேதம் எல்லை வைக்கிறது. முற்றுகை நடக்கும்போதுகூடக் கனிதரும் மரத்தில் கோடரி வைக்காதே என்கிறது உபாகமத்தின் இருபதாம் அதிகாரம். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் இந்த மண்ணில் சாய்க்கப்பட்ட பனைகளை நினைத்துக்கொண்டு அந்த வசனத்தைப் படித்துப் பாருங்கள். நெஞ்சு பதறும். ஒரு வடலி பனையாகிக் காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் செல்லும்.

போர் ஓய்ந்த பிறகு வலிகாமத்துச் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மின்நிலையத்துக் கழிவெண்ணெய் பற்றி ஊர் கொதித்தெழுந்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டு போனவர் தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டது. அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்ட சட்ட அறிஞருக்கு நல்ல சமாரியன் கதை பதிலாகக் கிடைத்தது. வலிகாமத்துக்கு அந்தப் பதில் சிங்களம் பேசும் ஒருவர் வடிவில் வந்தது.

செப்ரெம்பர் 1 முதல் ஒக்ரோபர் 4 வரையான நாட்களைப் படைப்பின் காலம் என்று பல திருச்சபைகள் அனுசரிக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அது மாரிக்கு முந்திய நாட்கள். நூறு சதுர மீற்றர் கூரை, ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், ஒரு இலட்சத்து இருபதாயிரம் லீற்றர் தண்ணீர் அந்தக் கூரையிலிருந்து இறங்கும். எங்கள் தேவாலயங்களும் பாடசாலைகளும் அதைவிடப் பெரியவை. அந்தத் தண்ணீர் இப்போது சீமெந்து முற்றத்தில் விழுந்து, வீதிக் கானுக்குள் ஓடிப் போகிறது. இந்த ஆண்டு பீலி பூட்டி, மணலும் கல்லும் இட்ட குழிவழியே அதை நிலத்துக்குள் விடுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களும் சபைக் குழுவினரும் ஒரே பாயில் இருந்து, எந்தக் குளம் முதலில் தூர்வாரப்பட வேண்டும், எந்த வாய்க்காலை யார் அடைத்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். மழைக்கு முன் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும்.