பாதி ரொட்டி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் ‘ஹாஃப் எ லோஃப் இஸ் பெட்டர் தேன் நோ பிரெட்’ என்று ஒரு பழமொழி உண்டு. ரொட்டியே இல்லாமல் இருப்பதைவிடப் பாதி ரொட்டி மேல் என்பது பொருள். 1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது.

நம்மில் சிலர் இதற்கு, ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று ஈடு சொல்வதுண்டு. அது அவ்வளவாகப் பொருந்தாது. இலுப்பைப்பூ சர்க்கரைக்கு மாற்று. பாதி ரொட்டியோ, கேட்ட அதே ரொட்டிதான். அளவு மட்டுமே குறைவு.

இதை யார் சொல்லலாம்? பத்து வெள்ளி கடன் கொடுத்தவர், ஐந்து வெள்ளி திரும்பி வந்ததும், “சரி, இதாவது வந்துச்சே” என்று சொல்லலாம். கடன் வாங்கியவர் அதைச் சொன்னால் நியாயமாகுமா? பரீட்சைக்குப் பாதிப் பாடம் மட்டும் படித்த மாணவனும் சொல்லக் கூடாது. அவன் இழந்த பாதி, அவனே கைவிட்ட பாதி.

நம் மொழிக்கே வருவோம். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின், தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் தேசியக் கல்வி முறையில் இடம்பெற்றன. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி நமக்குக் கிடைக்கவில்லை. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. நம் கையில் இருப்பது பாதி ரொட்டி.

அந்தப் பாதியும் தானாக வந்துவிடாது. தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். “நமக்கென்ன, வேற யாராவது கேப்பாங்க” என்று 15 வீட்டிலும் இருந்துவிட்டால் என்ன ஆகும்? பாதி ரொட்டியையும் நாமே மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களாவோம்.

ஆகவே, ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களே! முதலாம் படிவத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது, “தமிழ் வேண்டும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாணவர்களே, எஸ்.பி.எம். வரை தமிழை விடாதீர்கள். கிடைத்த பாதியைப் பசியோடு உண்பவனுக்குத்தான் மீதியைக் கேட்க உரிமை உண்டு.