மலைப்பாதையும் உயர்த்திய வண்டியும்

மலைநாட்டுப் பாதை வண்டியைச் சோதிக்கும் பாதை. கொழும்பிலிருந்து புறப்படும் வாகனம் ஹட்டனை அடையும்போது 4,000 அடிக்கு மேலும், நுவரெலியாவை அடையும்போது 6,000 அடிக்கு மேலும் ஏறிவிடுகின்றது. பெருஞ்சாலை தார் பூசப்பெற்றது. அதினின்று பிரிந்து தேயிலை மலைகளினூடே லயன்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் தோட்டப்பாதையின் நிலையோ வேறு. மழைநீர் அறுத்த பள்ளமும், துருத்தி நிற்கும் கருங்கல்லும் அங்கே வழக்கமான காட்சிகள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியும் அதனோடு வந்த மண்சரிவுகளும் மலைநாட்டின் பல பாதைகளைச் சிதைத்தன.

இத்தகைய பாதையில் ஓடவேண்டியவர் தம் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் பூட்ட எண்ணுவது இயல்பே. ஜீப் வைத்திருப்போரும், கரவன் எனப்படும் வீட்டுவண்டியை இழுத்து மலையில் தங்க வருவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தால் வரும் நன்மை எது, அதற்குச் செலுத்தவேண்டிய விலை எது என்பதை நேயர்கள் சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.

பெரிய சக்கரத்தின் பயனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். புகையிரதம் வருமுன்னர்க் கண்டிச் சீமையின் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கிய மாட்டுவண்டிகளுக்குச் சக்கரங்கள் பெரியனவாகவே இருந்தன. சிறிய சக்கரம் விழுந்து அகப்படும் குழியைப் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும். இன்றைய பெரிய டயருக்கும் அந்த இலக்கணமே பொருந்தும்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். வண்டியை உயர்த்துவது வேறு. அச்சை உயர்த்துவது வேறு. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை வைத்தாலும், அச்சின் மேலிருந்த ஸ்பிரிங் தகடுகள் தாங்கும் வண்டியில் வளைவு மிகுந்த தகடுகளைப் பூட்டினாலும், உயர்வது உடல் மட்டுமே. அச்சும், அதன் நடுவே குமிழ்போல் தொங்கும் பற்சக்கரப் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முட்டுவது பெரும்பாலும் அந்தக் குமிழே. அதனை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். ஸ்பிரிங்கை உயர்த்துவதோ, அந்த டயர் குலுங்கி எழும்போதும் வளைவில் திரும்பும்போதும் உடலில் உராயாதிருக்க இடந்தருவதற்காக.

ஓர் உதாரணம் காண்போம். 1948இல் அறிமுகமான லான்ட் றோவர் வண்டிகளில் 6.00-16 என்னும் அளவு டயர் பூட்டப்பட்டது; நீண்ட உடலுடைய பிற்கால வண்டிகளில் 7.50-16 என்னும் அளவு பெருவழக்காயிற்று. முன்னதன் குறுக்களவு ஏறக்குறைய 28 அங்குலம். பின்னதன் குறுக்களவு ஏறக்குறைய 32 அங்குலம். சிறியதைக் கழற்றிப் பெரியதைப் பூட்டினால் வித்தியாசம் 4 அங்குலம். ஆனால் அச்சு உயர்வதோ அதிற் பாதியான 2 அங்குலமே.

அந்த 2 அங்குலத்துக்கு விலை உண்டு. 28க்கு 32 என்பது 7க்கு 8 என்னும் விகிதம். வேகமானி 35 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் 40இல் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் அதே வலிமையோடு பற்றினாலும், நிலத்தில் அதன் பிடி எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையால் வண்டியை அடக்கி இறங்குவதே மலைநாட்டுச் சாரதியின் பழக்கம். அந்த அடக்கமும் அவ்வளவே குறையும். சமவெளியில் இவை சிறு குறைகளாகத் தோன்றலாம். இறம்பொடை வளைவுகளில் இறங்குபவருக்கு இவை சிறியனவல்ல.

இதனினும் பெரியது கவிழும் இயல்பு. சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 50 அங்குலமும், பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 25 அங்குல உயரமும் உள்ள வண்டி, ஸ்பிரிங்கின் நெகிழ்ச்சியைக் கணக்கிற் கொள்ளாவிடில், 45 பாகை வரை சாய்ந்து நிற்கும். டயரால் 2 அங்குலமும் ஸ்பிரிங்கால் 3 அங்குலமும் உயர்த்தி, மையம் 30 அங்குலத்துக்கு வந்தால், 40 பாகையிலேயே அது புரளத் தொடங்கும். கூரைமேல் மூட்டைகளை அடுக்கினால் எல்லை மேலும் சுருங்கும். வளைவில் வேகமாகத் திரும்பும் வண்டி, சமதரையிலும் சரிவில் நிற்பதற்கு ஒப்பாகும்.

கரவனுக்கு வேறொரு நுட்பம் உண்டு. அது தானாக ஓடுவதன்று, இழுக்கப்படுவது. அதனை மட்டும் உயர்த்தி, இழுக்கும் வாகனத்தின் கொக்கியைப் பழைய உயரத்திலேயே விட்டால், கரவன் முன்னே தாழ்ந்து நிற்கும். இரட்டை அச்சு உடையதாயின் பாரம் அச்சுகளில் ஏற்றத்தாழ்வாகப் பகிரப்படும். மாறாக, இழுக்கும் ஜீப்பை மட்டும் உயர்த்தினால் கரவனின் மூக்கு மேலெழும். கொக்கியில் விழவேண்டிய பாரம் குறைந்து, கரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். இரண்டும் சமமட்டமாக நிற்கும்படி கொக்கியின் உயரத்தைத் திருத்துதல் இன்றியமையாதது. ஸ்பிரிங் தகடின்றி, அச்சுக் குழாயினுள் றப்பர் வைத்துச் செய்த கரவன்களில், அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் அதற்கெனச் செய்த இரும்புத் துண்டைப் பொருத்தியே உயர்த்துவர். கைக்குக் கிடைத்த மரக்கட்டை அதற்கு ஈடாகாது.

உயர்த்திய பின் நோக்கவேண்டியவையும் சில உள. சக்கரம் பள்ளத்தில் முழுதும் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபட்டு அறாதிருக்கின்றதா? எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் மூட்டு மிகுந்த கோணத்தில் தேய்கின்றதா? புதிய ஆணிகளும் மரைகளும் சில நாள் ஓட்டத்தின்பின் மீண்டும் இறுக்கப்பட்டனவா? பதிவுப் புத்தகத்திற் கண்ட அமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே விசாரித்து அறிதல் கடன்.

வண்டி உயர்ந்தால் கூடுதற் பாரம் ஏற்றலாம் என்று சிலர் நம்புகின்றனர். இது பெருந்தவறு. உயரம் கூடியதால் அச்சின் வலிமை கூடுவதில்லை. பிரேக்கின் வலிமையும் கூடுவதில்லை. கொழுந்து மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றிச் செல்லும் வண்டியில் இந்நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கும். 2025 மே 11ஆம் நாள் கொத்மலை, கெரண்டி எல்லயில் பஸ்வண்டி ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது உயர்த்திய வண்டி பற்றிய செய்தியன்று. எனினும் மலைச்சரிவு பிழை பொறுக்காது என்பதை நாடு மறக்கவொண்ணாதபடி உணர்த்திய செய்தி.

ஆகவே, பாதை கேட்கும் அளவுக்கு மட்டுமே வண்டியை உயர்த்துக. தோற்றப் பொலிவுக்காக ஓர் அங்குலமும் வேண்டா. கனத்த பொருளைத் தரையோடு ஒட்டி அடுக்குக. இறக்கத்தில் முன்னிலும் ஒரு கியர் குறைத்து இறங்குக. வண்டியை உயர்த்துவதினும் பாதையைச் செப்பனிடுவதே சிறந்த மருந்து என்பதில் ஐயமில்லை. செப்பமான பாதையில் நோயாளியைச் சுமந்துவரும் வாகனமும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரை ஏற்றிய வாகனமும், எந்த உயரத்தினவாயினும் நலமே சென்று சேரும்.