மாட்டுக்குப் புயல் தெரியுமா?

நடுவர் அவர்களே! விழுந்த மனிதனை நிமிர வைப்பது மன உறுதிதான், உறவுகள் அல்ல என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். எங்க பேராவூரணிப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்க ஐயா!

2018 நவம்பர் 16, விடியற்காலை. வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய கஜா புயல், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நாம மரம்னா சொல்றோம்? தென்னம்பிள்ளை என்கிறோம்! என் சித்தப்பா தோப்பில் ஒரே ராத்திரியில் அத்தனை பிள்ளையும் போச்சு. மன உறுதிக்குப் பேர்போன மனுஷன், மூணு நாள் திண்ணையை விட்டு இறங்கலை. பேச்சில்லை, சோறில்லை.

சித்தி ஆறுதல் சொல்லவில்லை. முதல் வேலையாகப் பூச்சிமருந்து டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தார். மூணு நாளும் மாட்டுக்குத் தானே தண்ணீர் காட்டியவர், நாலாம் நாள் காட்டவில்லை. "என்னங்க, மாடு கத்துது பாருங்க" என்றார். மாட்டுக்குப் புயல் தெரியுமா, நடுவர் அவர்களே? (சிரிப்பு)

எழுந்தார். கொல்லைக்குப் போக வழி வேண்டுமே! குறுக்கே கிடந்த மரத்தை அறுத்தார். ரம்பத்தின் மறுமுனையைப் பக்கத்துத் தோப்புக்காரர் பிடித்தார். அவர் மரங்களும் விழுந்துதான் கிடந்தன. அடுத்த பட்டத்தில் கடலை போட்டார். அப்புறம்தான் நெட்டைக் கன்று. காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், தெரிந்தேதான் வைத்தார்.

சமீபத்தில் போயிருந்தேன். அந்தத் தோப்பு இளநீரையே வெட்டிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் உப்புக் கரிக்குதில்ல தம்பி?" என்று குறை வேறு சொன்னார். (கைதட்டல்)