லோரியில் ஏறிய நாடகம்



நாடகம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது எது? திருவிழாக் காலத்தில் கோயில் திடலில் போட்ட கொட்டகை, வண்ணத் திரை, சரிகை அங்கி தரித்த அரசன். சாக்கை விரித்து அமர்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறோம். அரசன் அழுதபோது நாமும் அழுதோம். விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனோம். அந்த மேடையில் பால்வாளியோடு ஒருவர் வந்து நின்றது அரிது. உழைப்பவரின் அன்றாட வாழ்க்கை மேடையேறத் தக்கதுதானா? இருபதாம் நூற்றாண்டின் நாடகக் கலைஞர் சிலர் இக்கேள்விக்கு அளித்த விடையை இன்று காண்போம்.

1898-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் மாஸ்கோ நகரில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்பவர் தம் நண்பருடன் சேர்ந்து ஒரு நாடக அரங்கைத் தொடங்கினார். மேடையில் நடப்பது உண்மை வாழ்க்கையைப் போலவே இருக்கவேண்டும். பார்ப்பவர் தம்மை மறந்து அதில் ஒன்றிவிடவேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே 1898-இல் ஜெர்மனியில் பிறந்தவர் பெர்டோல்ட் பிரெக்ட். அவர் வேறுவிதமாக எண்ணினார். அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன், "எல்லாம் விதி" என்று இருந்துவிடுவான். அழுவதோடு நின்றுவிடாமல், ஏன் இப்படி நடந்தது என்று அவன் கேட்கவேண்டும் என்றார். அவருடைய 'தாய் கரேஜ்' நாடகத்தில், போர்ப்படைகளின் பின்னே வண்டி இழுத்துச் சென்று வியாபாரம் செய்து பிழைக்கிறாள் ஒரு தாய். அந்தப் போருக்கே தன் மூன்று பிள்ளைகளையும் அவள் பறிகொடுக்கிறாள். அப்போதும் வண்டியை இழுத்துக்கொண்டு படையின் பின்னாலேயே போகிறாள். அவளுக்குப் புரியாதது நமக்குப் புரியவேண்டும் என்பதே ஆசிரியரின் நோக்கம். அதற்காகக் கதையின் நடுவே பாட்டு வைத்தார். அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிக் காட்டினார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டு நம்மிடம் பேசுகிறான் அல்லவா? அதை நினைத்துக்கொண்டால் இந்த முறை எளிதில் விளங்கும்.

பார்ப்பவரைச் சிந்திக்க வைத்தார் பிரெக்ட். ஆனால் நடித்தவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற கலைஞர்களே. தொழிலாளியே நடித்தால் என்ன?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிலேனோ என்னும் ஊர் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்தது. 1965 செப்டம்பர் 8-ஆம் நாள் பிலிப்பினோத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களில், சேசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டனர். அவ்வேளையில் அங்கு வந்தார் லூயிஸ் வல்டேஸ் என்ற இளைஞர். அவரும் அதே டிலேனோவில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்தாம். சிறு வயதில் பெற்றோருடன் பழம் பறித்தவர். பின்னர் படித்து நாடகம் பயின்றவர்.

அவரிடம் திரையில்லை, உடையில்லை, எழுதி வைத்த வசனமும் இல்லை. சில அட்டைகள் மட்டும் இருந்தன. ஓர் அட்டையில் 'முதலாளி', மற்றொன்றில் 'வேலைநிறுத்தக்காரன்', இன்னொன்றில் 'கருங்காலி' என்று எழுதித் தொழிலாளர்களின் கழுத்தில் மாட்டினார். "இன்று மறியலில் நடந்ததைச் செய்து காட்டுங்கள்" என்றார். அவர்கள் செய்து காட்டினார்கள். கூடியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உழவர் நாடகம் எனப் பொருள்படும் 'தெயாத்ரோ கம்பெசினோ' இவ்வாறு பிறந்தது. தோட்டத்தின் ஓரமாக நிறுத்திய லோரியின் பின்தட்டே அதன் மேடை.

அவர்களுடைய நாடகம் ஒன்றைக் கேளுங்கள். பன்றி முகமூடியும் வாயில் சுருட்டுமாக முதலாளி வருகிறார். கொடி கழித்துக்கொண்டிருக்கும் தொழிலாளியிடம், "உனக்கென்ன கவலை? என் பாடு அல்லவா பெரும்பாடு!" என்று அலுத்துக்கொள்கிறார். சிறிது நேரம் இடம் மாறிப் பார்ப்போம் என்று முகமூடியையும் சுருட்டையும் கொடுத்துவிட்டு, கத்தரியை வாங்கிக்கொள்கிறார். முகமூடி அணிந்த தொழிலாளி, முதலாளி பேசியபடியே அதட்டத் தொடங்குகிறான். முதலாளியின் காவலாளுக்கே தன் எசமானரை அடையாளம் தெரியவில்லை. அவரை அடித்து இழுத்துப் போகிறான். அவர் சங்கத்தை உதவிக்கு அழைத்துக் கூவுகிறார்! முடிவில் தொழிலாளி வீட்டையும் நிலத்தையும் காரையும் வேண்டாமென்று விட்டுவிடுகிறான். சுருட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.

இதில் வெறும் நகைச்சுவைதானா இருக்கிறது? முதலாளியின் பெருமை பிறவியில் வந்ததல்ல, மாட்டிக்கொண்ட முகமூடியில் இருக்கிறது என்பதை அந்த மக்கள் கண்ணாரக் கண்டார்கள். அஞ்சி நின்றவன் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தால், அச்சம் பாதி போய்விடுகிறது.

1966-இல் டிலேனோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு 25 நாள் நடைப்பயணம் சென்றனர். பகலெல்லாம் நடந்த களைப்போடு மாலையில் தங்கிய ஊர்களில் நாடகம் பார்த்தனர். திராட்சைத் தோட்ட முதலாளிகள் பலர் சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970-இல். நாடகம் மட்டுமே இந்த வெற்றியைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. ஐந்தாண்டுக் காலம் பசி பொறுத்த குடும்பங்கள் தந்த வெற்றி அது. அந்தப் போராட்டத்தின் தொடக்கத்தில் சோர்ந்த மனங்களைத் தூக்கி நிறுத்தியது நாடகம். 1967-இல் அக்குழு சங்கத்திலிருந்து பிரிந்து, கலையை வளர்க்கத் தனிவழி சென்றது.

இதற்கும் ஒரு படி மேலே சென்றவர் பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால். 1971-இல் சிறைப்பட்டு, பின் நாடு விட்டு வாழ நேர்ந்தவர். அவர் முறையில், துன்பத்தில் முடியும் நாடகத்தை மீண்டும் ஒருமுறை நடிப்பார்கள். பார்ப்பவர் எவரும் "நிறுத்துங்கள்" என்று கூறி மேடையேறலாம். துன்புறுபவரின் இடத்தில் தாமே நின்று வேறுவழியை நடித்துக் காட்டலாம்.

நேயர்களே, இதற்குக் கொட்டகை வேண்டாம். சரிகை அங்கியும் வேண்டாம். ஒரு மாலையில் நம் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். மகளின் படிப்பை நிறுத்திவிட எண்ணும் தந்தையாக ஒருவர் நடிக்கட்டும். வாய்மூடி நிற்கும் தாயாக ஒருவர் நடிக்கட்டும். அந்தத் தாய் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று சுற்றியிருப்பவர்களைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் எழுந்து வந்து, தாயின் இடத்தில் நின்று பேசட்டும்.