திறந்த நிரலும் மூடாத கடிதமும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பெரிய கொம்பனிகளின் சமூக வலைத்தளங்களில் மனம் வெறுத்தோர் பலர் மஸ்டொடனை நாடுகின்றனர். அதன் நிரல் எல்லோர்க்கும் திறந்தது, ஆகவே நம் அந்தரங்கமும் அங்கே பத்திரமாயிருக்கும் என்று நம் வாலிபர் சிலர் கூறக் கேட்டோம். முன்னது மெய். பின்னது அதிலிருந்து பிறப்பதன்று.

மஸ்டொடனை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேர்மனியில் வாழ்ந்த ஒய்கன் ரொச்கோ என்னும் இளைஞர். அது ஓரிடத்திலிருந்து இயங்குவதன்று. ஆயிரக்கணக்கான சேர்வர்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்களின் பொறுப்பில், ஒரு பொது விதிப்படி தம்முள் செய்தி பரிமாறுகின்றன. நம் ஊர்களின் உப தபாற் கந்தோர்களைப் போல என்று கொள்ளலாம்.

அந்நிரல் 2007இல் வெளிவந்த அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு உட்பட்டது. சாதாரண பொது உரிமத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நிரலை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவரே தம் மாற்றத்தையும் கொடுக்க வேண்டும். தம் கணனியிலேயே வைத்துக்கொண்டு வலைவழியே சேவை நடத்துபவருக்கு அக்கடமை இல்லை. அஃபெரோ உரிமம் அதனை அடைத்தது. மாற்றிய நிரலைச் சேவையைப் பாவிப்போருக்கும் கொடுத்தேயாக வேண்டும். இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 2021 ஒக்டோபரில் டொனால்ட் ட்ரம்பின் கொம்பனி, மஸ்டொடன் நிரலைக் கொண்டு ட்ருத் சோஷல் என்னும் தளத்தை அமைத்துவிட்டு, நிரல் யாவும் தன் சொத்தென்று எழுதி வைத்தது. சொவ்ட்வெயர் ஃபிரீடம் கொன்சேவன்சி என்னும் அமைப்பு உரிம மீறலைச் சுட்டிக்காட்டிற்று. மஸ்டொடன் பக்கத்திலிருந்தும் கடிதம் போயிற்று. நவம்பரில் நிரல் வெளிவந்தது.

ஆனால் உரிமம் கட்டுப்படுத்துவது நிரலை, கடிதத்தையன்று. தபாற் சட்டம் அச்சில் யாவர்க்கும் கிடைக்கிறது என்பதனால், தபாலதிபர் நம் தபாலட்டையை வாசிக்க முடியாதென்று ஆகுமா? மஸ்டொடனில் ஒருவருக்கு மட்டும் என்று அனுப்புவதும் தபாலட்டைதான். சேர்வரை நடத்துபவர் விரும்பினால் வாசிக்கலாம். பெறுபவர் வேறு சேர்வரில் இருந்தால் அங்குள்ளவரும் வாசிக்கலாம். எழுதியதை நாம் அழித்தால் அழிக்கும் வேண்டுகோள் மற்றைச் சேர்வர்களுக்குப் போகும். அவை இணங்குமென்பதற்கு உறுதியில்லை.

2023 மே மாதம் கொலெக்டிவா என்னும் சேர்வரின் நிர்வாகி ஒருவரது வீட்டை அமெரிக்க எஃப்.பி.ஐ. சோதனையிட்டது. விசாரணை அச்சேர்வரைப் பற்றியதேயன்று. ஆயினும் கைப்பற்றிய கருவிகளுள், சேர்வரின் தரவுத்தளப் பிரதியொன்று பூட்டின்றிக் கிடந்தது. மின்னஞ்சல் முகவரிகள், ஒருவருக்கு மட்டும் அனுப்பிய செய்திகள் எல்லாம் அதில் அடங்கின. அவ்விசாரணையோடு ஒரு சம்பந்தமுமில்லாதோரின் கடிதங்கள்! நிரலிற் குற்றமில்லை. உரிமமும் மீறப்படவில்லை.

பெரிய கொம்பனியே மேலென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே தபாற் சட்டத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். இங்கே, பிறரை நம்பாதவர் அதே நிரலைக் கொண்டு தமக்கென ஒரு சேர்வரை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. அஃது இயலாதோர், சேருமுன் நிர்வாகியிடம் கேட்க வேண்டியது சில உண்டு. பிரதிகளைப் பூட்டி வைக்கிறாரா? ஐ.பி. முகவரிகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்? காசு வாங்காமல் நடத்துகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று நம்மவர் கூசுவர். நல்ல நிர்வாகி கோபியார். தனிச்செய்தி எழுதும் பெட்டியின் அருகே, ஆபத்தான விஷயங்களை இதில் எழுதவேண்டாம் என்று மஸ்டொடனே எச்சரித்திருக்கிறதே!